‘மெத்தில்’ மாத்திரை என் தம்பிக்குப் பயன்படுமா?

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தையும் அதனுடன் அனுப்பியிருந்த பரிசோதனை அறிக்கைகளையும் படித்தேன். மற்ற வாசகர்களுக்காகக் கடிதத்தின் சாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் தம்பிக்கு வயது 54. இளம் வயதிலிருந்தே சிகரெட் புகைத்தவர். கணையத்தில் புற்றுநோய் என்று உறுதியாகி, அது கல்லீரலுக்கும் பரவியிருப்பது ஸ்கேனில் தெரிந்ததால், அறுவை சிகிச்சையைத் தவிர்த்து இரண்டு வாரங்களுக்கு ஒரு முறை கீமோதெரபி கொடுக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் மார்பில் பொருத்திய போர்ட் வழியாக 5-ஃப்ளூரோயூராசில் மருந்து ஏறிக்கொண்டிருக்கும் சிறிய பம்ப்புடன் வீட்டுக்கு வந்து, 46 மணி நேரம் முடிந்ததும் அதைக் கழற்றிக்கொள்ளப் போகிறார். கட்டியில் செய்த மரபணுப் பரிசோதனையில் கே-ராஸ் மரபணுவில் மாற்றம் இருப்பதாகவும், அதற்கென்று இப்போது கொடுக்கத்தக்க மருந்து இல்லை என்றும் எழுதியிருக்கிறது. இந்த நேரத்தில் உறவினர் ஒருவர் அனுப்பிய விளம்பரம், புற்றுநோய்க்கு உண்மையான காரணம் ‘ஆர்.என்.ஏ. மெத்திலேற்றம்’ (ஆர்.என்.ஏ.வின் மேல் ‘மெத்தில்’ என்னும் சிறு வேதித் தொகுதி ஏறுவது) சமன் குலைவதுதான் என்றும், அதை ரத்தத்தில் அளந்து சொல்வதாகவும், சமன்படுத்த ஃபோலிக் அமிலம், பி-12 ஆகிய வைட்டமின்களும் மெத்தியோனின் என்னும் அமினோ அமிலமும் அடங்கிய மாத்திரை தருவதாகவும் கூறுகிறது. ஒரு மாதத்துக்கான மாத்திரையை வாங்கி வைத்துவிட்டு, கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த நோயைப் புகைதான் கொண்டுவந்ததா, தம்பியின் இரு பிள்ளைகளுக்கும் இது வருமா என்பவை உங்களுடைய மற்ற இரு கேள்விகள். உயிரியல் ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர் என்பதால், காரணங்களோடு விளக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

முதல் கேள்விக்கான பதிலைத் தள்ளிப்போடாமல் சொல்கிறேன். அந்த மாத்திரையைத் தம்பிக்குக் கொடுக்க வேண்டாம். ஏற்கெனவே சில நாள் கொடுத்திருந்தால் அடுத்த கீமோவுக்கு முன்பே அவருடைய புற்றுநோய் மருத்துவரிடம் தெரிவித்துவிடுங்கள். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். ரத்தப் பரிசோதனைக்குச் செலவிடவும் வேண்டாம். ஆனால் விளம்பரம் பயன்படுத்தியிருக்கும் அறிவியல் கற்பனையானதல்ல. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் புற்றுநோய் ஆராய்ச்சியில் மிகத் தீவிரமாக வளர்ந்த துறைகளில் அதுவும் ஒன்று. அந்த ஆராய்ச்சி என்ன கண்டறிந்திருக்கிறது என்பதை அறிந்தாலே, விளம்பரத்தின் வாக்குறுதி ஏன் நிறைவேற முடியாதது என்பது உங்களுக்கு விளங்கிவிடும்.

நீங்கள் நடத்திய பாடத்தில், டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ., ஆர்.என்.ஏ.விலிருந்து புரதம் என்ற வரிசை இருந்திருக்கும். அது இன்றும் சரியானதே. ஆனால் மனித மரபணுத் தொகுதியில் புரதத்துக்கான குறியீடு அடங்கிய பகுதி நூற்றில் இரண்டு பங்கைத் தாண்டாது. மீதியுள்ள பகுதியிலிருந்தும் ஏராளமான ஆர்.என்.ஏ.க்கள் உருவாகின்றன, அவை புரதமாக மாறுவதில்லை, ஆர்.என்.ஏ.வாக இருந்துகொண்டே வேலை செய்கின்றன. இவற்றைக் குறியீடற்ற ஆர்.என்.ஏ.க்கள் என்கிறோம். ரைபோசோமில் உள்ள ஆர்.என்.ஏ.வும் கடத்து ஆர்.என்.ஏ.வும் நீங்கள் அறிந்தவை. அவற்றோடு, ஏறத்தாழ 22 நியூக்ளியோடைடு (ஆர்.என்.ஏ.வின் ஓர் ‘எழுத்து’) நீளமே உள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள், சில நூறிலிருந்து பல ஆயிரம் நியூக்ளியோடைடு வரை நீளும் நீள் குறியீடற்ற ஆர்.என்.ஏ.க்கள், இரு முனைகளும் ஒட்டிக்கொண்ட வட்ட ஆர்.என்.ஏ.க்கள் ஆகியவையும் உள்ளன. மைக்ரோ ஆர்.என்.ஏ. ஒன்று, தனக்குப் பொருந்தும் தூது ஆர்.என்.ஏ.க்களோடு இணைந்து, அவை புரதமாக மாறுவதைக் குறைத்துவிடும். 1993-இல் ஒரு மிகச் சிறிய புழுவில் இதை முதலில் கண்டறிந்த விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்கன் இருவருக்கும் 2024-இல் மருத்துவத்துக்கான நோபெல் பரிசு கிடைத்தது. இதற்குப் புற்றுநோயோடு தொடர்பு உண்டு என்பது 2002-லேயே தெரிந்துவிட்டது. நாள்பட்ட லிம்ஃப் செல் ரத்தப் புற்றுநோய் உள்ளவர்கள் பலரிடம் 13-ஆம் குரோமோசோமின் ஒரு துண்டு இல்லாமல் போயிருக்கும். அந்தத் துண்டில் எந்தப் புரதத்தின் மரபணு தொலைந்தது என்று நெடுங்காலம் தேடியவர்கள், கடைசியில் அங்கே தொலைந்திருப்பவை மிர்-15, மிர்-16 என்னும் இரண்டு மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் என்று கண்டார்கள்.

இனி வேதிக்குறிகளைப் பற்றி. ஆர்.என்.ஏ. என்பது நான்கு எழுத்துகளால் ஆனது என்று படித்தோம். உண்மையில் அந்த எழுத்துகள் உருவான பிறகு நொதிகள் அவற்றில் சிறு சிறு வேதி மாற்றங்களைச் செய்கின்றன. உயிரினங்களில் இதுவரை கண்டறியப்பட்ட மாற்ற வகைகள் 170-க்கும் மேல். ககரத்தின் மேல் ஒரு புள்ளி வைத்தால் எழுத்தின் உடல் அப்படியே இருக்க ஒலிப்பு மாறிவிடுவதைப் போன்றது இது. நம் உடலின் தூது ஆர்.என்.ஏ.க்களுக்குள்ளே மிகுதியாகக் காணப்படும் குறி, அந்த நான்கு எழுத்துகளில் ஒன்றான அடினோசினின் ஆறாவது இடத்து நைட்ரஜனில் ஒரு மெத்தில் தொகுதி ஏறுவது. ஆய்வாளர்கள் இதைச் சுருக்கமாக எம்-6-ஏ என்பார்கள். 1974-லேயே கண்டறியப்பட்டும், எந்த இடத்தில் ஏறியிருக்கிறது என்று பார்க்க வழியில்லாததால் பல பத்தாண்டுகள் பெரும்பாலானோர் கவனத்துக்கு வராமல் கிடந்தது. 2011-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சுவான் ஹெ குழுவினர், எஃப்.டி.ஓ. என்னும் நொதி இந்த மெத்திலைக் கழற்றிவிடுகிறது என்று காட்டினார்கள். அடுத்த ஆண்டிலேயே இஸ்ரேலிலும் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்திலும் இரு குழுக்கள் தனித்தனியே, இந்தக் குறி எந்தெந்த ஆர்.என்.ஏ.வில் எங்கெங்கே இருக்கிறது என்ற வரைபடத்தை வெளியிட்டன. துறை வேகம் பிடித்தது அதன் பிறகுதான்.

குறியை ஏற்றுவது பெரும்பாலும் மெட்டில்-3, மெட்டில்-14 என்னும் இரு புரதங்கள் சேர்ந்த நொதி. கழற்றுபவை எஃப்.டி.ஓ.வும் ஆல்க்பி.எச்.-5-உம். இவற்றுக்கு அப்பால், குறியை இனங்கண்டு அதைப் பற்றிக்கொள்ளும் புரதங்கள் பல உள்ளன. அவற்றில் ஒன்று பற்றினால் அந்த ஆர்.என்.ஏ. விரைவில் சிதைக்கப்படும், இன்னொன்று பற்றினால் நெடுநேரம் நிலைக்கும், மற்றொன்று பற்றினால் உட்கருவை விட்டு வெளியேறும். குறி ஏறியிருக்கிறது என்பது மட்டும் விளைவைத் தீர்மானிப்பதில்லை. எந்த ஆர்.என்.ஏ.வில், எந்த இடத்தில், எந்தச் செல்லில் ஏறியிருக்கிறது, அங்கே அதைப் பற்றிக்கொள்ளக் காத்திருக்கும் புரதம் எது என்பவையே தீர்மானிக்கின்றன. என் பதிலில் நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது இது ஒன்றுதான். மற்றவை எல்லாம் இதற்கான சான்றுகள்.

உங்கள் தம்பியின் நோய்க்கு மிக அருகில் உள்ள சான்றையே எடுத்துக்கொள்கிறேன். மைக்ரோ ஆர்.என்.ஏ. பிறக்கும்போதே 22 எழுத்தாகப் பிறப்பதில்லை. முதலில் நீண்ட ஓர் இழையாக உருவாகி, அதன் ஒரு பகுதி கொண்டை ஊசி போல மடிந்து நிற்கும். டி.ஜி.சி.ஆர்.-8 என்னும் புரதம் அந்த மடிப்பை அடையாளம் காண, ட்ரோஷா என்னும் நொதி அதை வெட்டியெடுக்கும். ஏறத்தாழ 70 எழுத்து நீளமுள்ள அந்தத் துண்டு உட்கருவை விட்டு வெளியே வந்ததும், டைசர் என்னும் இன்னொரு நொதி அதை இறுதி அளவுக்கு வெட்டும். செல்லுக்குள் மடிந்த ஆர்.என்.ஏ.க்கள் எண்ணற்றவை இருக்க, எதை வெட்ட வேண்டும் என்று டி.ஜி.சி.ஆர்.-8-க்கு எப்படித் தெரிகிறது? 2015-இல் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் சோஹைல் தவாசோயி குழுவினர் இதற்கு ஒரு விடை கண்டார்கள். மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களின் நீண்ட முன்வடிவங்களில் மெட்டில்-3 எம்-6-ஏ குறியை ஏற்றுகிறது. அந்தக் குறி இருந்தால் டி.ஜி.சி.ஆர்.-8 அந்த இழைகளை நன்றாக இனங்காண்கிறது. மெட்டில்-3 குறைந்தால், வெட்டப்படாத முன்வடிவங்கள் தேங்கி, முதிர்ந்த மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் குறைகின்றன.

2019-இல் சீனாவின் குவாங்சோ நகரில் உள்ள சுன் யாட்-சென் பல்கலைக்கழகப் புற்றுநோய் மையத்தினர் இதைக் கணையத்துக்குக் கொண்டுவந்தார்கள். கணைய நாளத்தின் உட்சுவர்ச் செல்களைச் சிகரெட் புகையிலிருந்து திரட்டிய வடிமத்தில் வைத்தபோது, மெட்டில்-3 மரபணுவின் தொடக்கப் பகுதியில் டி.என்.ஏ. மீது இருந்த மெத்தில் குறிகள் குறைந்தன. அந்தக் குறிகள் அந்த மரபணுவை அடக்கி வைத்திருந்தவை. அடக்குவது குறைந்ததும் மெட்டில்-3 நொதி பெருகியது. பெருகிய நொதி மிர்-25 என்னும் மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் முன்வடிவத்தில் எம்-6-ஏ குறியை மிகுதியாக ஏற்றியது. என்காப் என்னும் புரதம் அந்தக் குறியைப் பற்றிக்கொள்ள, வெட்டும் வேலை விரைந்து நடந்து, முதிர்ந்த மிர்-25 அளவுக்கு மீறிச் சேர்ந்தது. இது அடக்குவது ஒரு பாஸ்ஃபடேஸ் நொதியை. அந்த நொதியின் வேலை, செல்லை வளரவும் பிழைத்திருக்கவும் தூண்டும் ஏ.கே.டி. என்னும் சமிக்ஞைப் பாதையை அணைப்பது. அணைப்பது குறைந்தால் தூண்டுதல் நிற்காது. புகைப்பவர்களின் கணையத் திசுவிலும் கணையக் கட்டிகளிலும் இந்த மைக்ரோ ஆர்.என்.ஏ. உயர்ந்திருப்பதையும், அது உயர்ந்த நோயாளிகளுக்கு நோயின் போக்கு மோசமாக இருந்ததையும் அவர்கள் பதிவு செய்தார்கள்.

இந்தத் தொடரில் ஒரு செய்தியைக் கவனியுங்கள். ஒரே செல்லில், ஒரே புகையின் விளைவாக, டி.என்.ஏ.வின் ஓரிடத்தில் மெத்தில் குறைகிறது, அதனாலேயே ஆர்.என்.ஏ.வின் இன்னோரிடத்தில் மெத்தில் கூடுகிறது. இந்தச் செல்லுக்கு வேண்டியது மெத்திலைக் கூட்டும் மாத்திரையா, குறைக்கும் மாத்திரையா? கேள்வியே பொருளற்றது என்பது உங்களுக்குத் தெரியும்.

இதற்கு நேர்மாறான சான்று கல்லீரலிலிருந்து வருகிறது. கல்லீரலில் தோன்றும் புற்றுநோயில், குறிப்பாகப் பரவும் இயல்புள்ள கட்டிகளில், மெட்டில்-14 குறைந்திருப்பதை 2017-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. அது குறைந்ததால் மிர்-126 என்னும் மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் முன்வடிவத்தில் எம்-6-ஏ குறி குறைந்து, டி.ஜி.சி.ஆர்.-8 அதைச் சரிவர இனங்காணாமல், முதிர்ந்த மிர்-126 அருகிவிட்டது. மிர்-126 புற்றுச் செல்கள் பரவுவதைத் தடுப்பது. கணையத்தில் நடந்ததும் இதே படிநிலைதான்: அதே குறி, அதே வெட்டு. ஆனால் அங்கே குறி மிகுந்ததால் தீங்கு, இங்கே குறி குறைந்ததால் தீங்கு. கருப்பை உட்சுவர்ப் புற்றுநோயிலும் பெரும்பாலான கட்டிகளில் எம்-6-ஏ குறைந்திருப்பதை 2018-இல் கண்டார்கள். கடுமையான மயலாய்டு ரத்தப் புற்றுநோயில் நிலைமை இன்னும் சிக்கலானது: குறியை ஏற்றும் மெட்டில்-3 இல்லாமல் அந்தப் புற்றுச் செல்கள் வாழ முடிவதில்லை, அதே நோயின் சில உட்பிரிவுகளில் குறியைக் கழற்றும் எஃப்.டி.ஓ.வும் நோயை வளர்க்கிறது. இரண்டும் 2017-இல் வெளிவந்த முடிவுகள். ஒன்றையொன்று மறுப்பவை போலத் தோன்றினாலும் இரண்டும் உண்மையாக இருக்க முடியும், ஏனெனில் அவை தொடும் ஆர்.என்.ஏ.க்கள் வேறு வேறு.

நீள் குறியீடற்ற ஆர்.என்.ஏ.க்களில் இந்தக் குறி இன்னொரு விதத்தில் வேலை செய்வதையும் சொல்லியாக வேண்டும், ஆசிரியராகிய உங்களுக்கு அது பிடிக்கும். மாலட்-1 என்பது ஏறத்தாழ 8,000 எழுத்து நீளமுள்ள ஓர் ஆர்.என்.ஏ. 2003-இல் ஜெர்மனியில், நுரையீரல் புற்றுநோய் யாருக்குப் பரவும் என்று முன்கூட்டி அறிய முயன்றவர்கள் கண்டெடுத்தது. அதன் ஒரு பகுதி இறுக்கமாக மடிந்திருக்கும். அந்த மடிப்பில் உள்ள ஓர் அடினோசினில் ஒரு மெத்தில் ஏறினால் இணைப்பு இளகி, எதிர்ப்பக்கத்தில் ஒளிந்திருந்த, யூரிடின் என்னும் எழுத்தின் வரிசை வெளியே தெரிகிறது. அப்போதுதான் எச்.என்.ஆர்.என்.பி.-சி என்னும் புரதம் அங்கே வந்து அமர முடிகிறது. இந்தப் புரதம் மெத்திலைத் தொடுவதே இல்லை. மெத்தில் ஏறியதால் திறந்த இடத்தைத்தான் பற்றுகிறது. நான்கே அணுக்கள் கொண்ட ஒரு தொகுதி, ஆயிரக்கணக்கான எழுத்துகள் கொண்ட மூலக்கூற்றில் யார் அமரலாம் என்பதை மாற்றிவிடுவதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. வட்ட ஆர்.என்.ஏ.க்களில், பெருங்குடல் புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவும்போது உயரும் ஒன்றை 2019-இல் ஆராய்ந்திருக்கிறார்கள். எம்-6-ஏ குறி இருந்தால்தான் அது உட்கருவை விட்டு வெளியேறுகிறது. வெளியே வந்தபின், பரவுவதற்கு உதவும் ஒரு தூது ஆர்.என்.ஏ.வைச் சிதையாமல் காக்கிறது.

இப்போது அந்த ரத்தப் பரிசோதனைக்கு வருகிறேன். விளம்பரத்தில் சொல்லியிருப்பது ரத்தத்திலிருந்து மொத்த ஆர்.என்.ஏ.வைப் பிரித்து, அதில் எம்-6-ஏ எத்தனை விழுக்காடு என்று ஒரே எண்ணாகக் கொடுப்பது. ஒரு செல்லின் மொத்த ஆர்.என்.ஏ.வில் ஐந்தில் நான்கு பங்குக்கும் குறையாமல் இருப்பது ரைபோசோம் ஆர்.என்.ஏ. அதன் பெரிய இழையில் ஓரிடத்திலும் சிறிய இழையில் ஓரிடத்திலும் எம்-6-ஏ குறி எப்போதும் இருக்கிறது. அவற்றை ஏற்றுபவை மெட்டில்-3 அல்லாத வேறு நொதிகள் என்பது 2019-லேயே தெரியும். ஆகவே அந்த எண்ணின் பெரும்பங்கு, நோயுள்ளவருக்கும் இல்லாதவருக்கும் பொதுவான அந்த நிலையான குறிகளிலிருந்து வருவது. மீதியும் ரத்தத்தின் வெள்ளையணுக்களுடையதே தவிர, கணையக் கட்டியுடையதல்ல. கீமோவுக்குப் பின் வெள்ளையணுக்களின் எண்ணிக்கையும் வகையும் மாறும்போது அந்த எண்ணும் மாறும். கட்டியில் மிர்-25 மிகுந்திருக்கிறதா, மிர்-126 குறைந்திருக்கிறதா என்பதற்கு அதில் விடை கிடைக்காது. அப்படியே கிடைத்தாலும், உங்கள் மருத்துவர் அதை வைத்து மாற்றக்கூடிய சிகிச்சை இன்று எதுவும் இல்லை. குறியீடற்ற ஆர்.என்.ஏ.வை அளக்கும் பரிசோதனை எதுவுமே பயன்படாது என்று நான் சொல்வதாகக் கொள்ள வேண்டாம். புராஸ்டேட் புற்றுநோய்க்கு, பி.சி.ஏ.-3 என்னும் நீள் ஆர்.என்.ஏ.வைச் சிறுநீரில் அளக்கும் பரிசோதனையை அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2012-இல் ஏற்றது. அதற்கு, எந்த நோயாளிக்கு எந்த முடிவெடுக்க உதவும் என்ற தெளிவான கேள்வி இருந்தது. உங்களுக்கு வந்த விளம்பரத்தில் அந்தக் கேள்வியே இல்லை.

மாத்திரையைப் பற்றி. எல்லா மெத்தில் குறிகளுக்கும் மெத்திலைக் கொடுப்பது எஸ்-அடினோசில் மெத்தியோனின் என்னும் மூலக்கூறு. மெத்தியோனினிலிருந்து அது உருவாகிறது. அந்தச் சுழற்சியில் ஃபோலேட்டும் (மாத்திரையில் உள்ள ஃபோலிக் அமிலம் இதன் ஒரு வடிவம்) பி-12-உம் பங்கெடுக்கின்றன. விளம்பரத்தின் வாதம் இந்த அளவில் பாடநூலோடு ஒத்துப்போகிறது. அதற்குமேல் ஒத்துப்போகவில்லை. செல் அந்த மூலக்கூற்றின் அளவைத் தானே கண்காணித்துக்கொள்கிறது, அதுவும் ஆர்.என்.ஏ. குறியின் வழியாகவே. மெட்டில்-16 என்னும் நொதி, எஸ்-அடினோசில் மெத்தியோனினைத் தயாரிக்கும் நொதியின் தூது ஆர்.என்.ஏ.வில் உள்ள மடிப்புகளில் மெத்தில் ஏற்றுவது. மெத்தில் போதுமான அளவு இருந்தால் வேலையை முடித்துவிட்டு விலகிவிடும். பற்றாக்குறை வந்தால், ஏற்ற மெத்தில் இல்லாமல் அந்த மடிப்பிலேயே தங்கிவிடும். அது தங்குவதால் அந்த ஆர்.என்.ஏ. முழுமையாகச் செப்பனிடப்பட்டு, தயாரிக்கும் நொதி பெருகி, பற்றாக்குறை தீரும். இப்படி ஒரு கட்டுப்பாடு உள்ளே இருக்கும்போது, வெளியிலிருந்து கொடுக்கும் மெத்தியோனின், வேண்டிய ஆர்.என்.ஏ.வின் வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரும் என்று எதிர்பார்க்க எந்த அடிப்படையும் இல்லை.

பயனில்லை என்பதோடு முடிந்தால் நான் இவ்வளவு அழுத்திச் சொல்லமாட்டேன். தீங்கும் உண்டு. உங்கள் தம்பிக்கு ஏறும் 5-ஃப்ளூரோயூராசிலோடு லூக்கோவோரின் என்று ஒரு மருந்தும் கொடுப்பதாக அறிக்கையில் இருக்கிறது. அது ஃபோலேட்டின் ஒரு வடிவம்; 5-ஃப்ளூரோயூராசிலின் வீச்சைக் கூட்டுவதற்காகவே அதை அளந்து கொடுக்கிறார்கள். அதற்குமேல் மாத்திரையாகவும் ஃபோலிக் அமிலம் சேர்ந்தால், மருந்தின் நச்சு விளைவு அளவுக்கு மீறலாம்: கடுமையான வயிற்றுப்போக்கு, வாய்ப்புண், வெள்ளையணுக்கள் வீழ்ச்சி. மருத்துவரிடம் உடனே சொல்லச் சொன்னது இதனால்தான். ரத்தப் பரிசோதனையில் ஃபோலேட் அல்லது பி-12 குறைபாடு இருப்பது தெரிந்தால் அதை அவரே ஈடுசெய்வார். அது வேறு விஷயம். விரைந்து பெருகும் செல்களுக்கு ஃபோலேட் தீனியாகிவிடும் என்பது பழைய பாடமும்கூட. 1940-களில் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர், ரத்தப் புற்றுநோயுள்ள குழந்தைகளுக்கு ஃபோலிக் அமிலச் சேர்மங்கள் கொடுத்தபோது நோய் முடுக்கம் பெறுவதைக் கண்டார். அதன் பிறகே ஃபோலிக் அமிலத்தைத் தடுக்கும் அமினோப்டெரினைக் கொடுத்து, 1948-இல் தற்காலிகக் குணத்தைப் பதிவு செய்தார். அந்த மருந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவ் தலைமையிலான குழு உருவாக்கிக் கொடுத்தது.

ஆர்.என்.ஏ. குறிகளைத் தொடும் மருந்தே இல்லையா என்று நீங்கள் கேட்கக்கூடும். ஒன்று ஏற்கெனவே உங்கள் தம்பியின் பம்ப்பில் இருக்கிறது. 1957-இல் சார்லஸ் ஹைடல்பெர்கர் உருவாக்கிய 5-ஃப்ளூரோயூராசில், டி.என்.ஏ. தயாரிப்பைத் தடுக்கும் மருந்தாகவே பாடங்களில் இடம்பெறுகிறது. அது யூரிடினின் இடத்தில் ஆர்.என்.ஏ.வுக்குள்ளும் நுழைந்துவிடுகிறது. ரைபோசோம் ஆர்.என்.ஏ.விலும், தூது ஆர்.என்.ஏ.வைச் செப்பனிடும் யூ-2 என்னும் சிறு ஆர்.என்.ஏ.விலும், சில யூரிடின்கள் போலியூரிடின் என்ற மாற்று வடிவத்துக்குத் திருப்பப்பட வேண்டும். 1951-இல் கண்டறியப்பட்ட இந்த மாற்றம்தான் ஆர்.என்.ஏ.வில் முதன்முதலில் அறியப்பட்ட வேதிக்குறி. திருப்ப வரும் நொதி, யூரிடின் இருக்க வேண்டிய இடத்தில் ஃப்ளூரின் ஏறிய போலி இருப்பதால் அதனோடு சிக்கிக்கொள்கிறது. செப்பனிடும் வேலையும் ரைபோசோம் கட்டும் வேலையும் தடுமாறுகின்றன. பெருங்குடல் புற்றுச் செல்களை இந்த மருந்து அழிப்பதில் ஆர்.என்.ஏ. சேதத்துக்கே பெரும்பங்கு உண்டு என்று 2024-இல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆகவே குறியீடற்ற ஆர்.என்.ஏ.வையும் அதன் வேதிக்குறியையும் குறிவைக்கும் ஒரு சிகிச்சையை, அளந்து, கண்காணித்து, உங்கள் தம்பி இப்போதே பெற்றுக்கொண்டிருக்கிறார். அதைத் தவறவிடாமல் தொடர்வதுதான் முக்கியம்.

புதிய மருந்துகளும் வருகின்றன. மெட்டில்-3-ஐத் தடுக்கும் எஸ்.டி.எம்.-2457 என்னும் மூலக்கூறு ரத்தப் புற்றுநோயுள்ள எலிகளின் ஆயுளை நீட்டியதை 2021-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அதன் வழியில் வந்த எஸ்.டி.சி.-15 என்னும் வாய்வழி மருந்து 2022-இல் மனிதர்களிடம் முதற்கட்டச் சோதனைக்கு வந்தது. இது நம்பிக்கை தரும் செய்தி. ஆனால் முதற்கட்டச் சோதனை என்பது எந்த அளவு மருந்தை உடல் தாங்கும் என்று பார்ப்பது. அவசரம் காட்டக் கூடாது என்பதற்கு மிர்-34-ஐப் போலச் செய்து ஊசியாகக் கொடுத்த மருந்து ஒரு சான்று. புற்றுநோயைத் தடுக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்று பெரிதும் எதிர்பார்க்கப்பட்ட அந்தச் சோதனை, நோயாளிகள் சிலருக்குக் கடுமையான நோயெதிர்ப்புப் பின்விளைவுகள் ஏற்பட்டதால் 2016-இல் நிறுத்தப்பட்டது. கே-ராஸைக் குறிவைக்கும் மருந்துகளும் கணையப் புற்றுநோயில் சோதனையில் உள்ளன. பத்தில் ஒன்பது கணையக் கட்டிகளில் அந்த மரபணு மாறியிருப்பதால் அவற்றின் மேல் நியாயமான எதிர்பார்ப்பு இருக்கிறது. தம்பி எந்தச் சோதனையிலாவது சேரத் தகுதியுள்ளவரா என்று அவருடைய மருத்துவரிடமே கேளுங்கள். இந்தியாவில் நடக்கும் மருந்துச் சோதனைகளுக்கு அரசுப் பதிவேடு ஒன்று இணையத்தில் இருக்கிறது. யாராவது ஒரு சோதனையைப் பற்றிச் சொன்னால், அது அந்தப் பதிவேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். சோதனை மருந்துக்கு உங்களிடம் பணம் கேட்டால் விலகிவிடுங்கள்.

மாத்திரைக்கு எடுத்துவைத்த பணத்தை உணவுக்குச் செலவிடலாம். கணையம் செரிமான நொதிகளைக் குறைவாகச் சுரப்பதால் பல நோயாளிகளுக்கு மலம் எண்ணெய்ப் பசையோடு மிதந்து, உண்பது உடலில் ஒட்டாமல் எடை குறையும். தம்பிக்கு அப்படி இருந்தால், சாப்பாட்டோடு விழுங்கும் கணைய நொதி மாத்திரை தேவையா என்று கேளுங்கள். எடை நிலைத்தால் கீமோவைத் தாங்கும் வலுவும் நிலைக்கும்.

புகைதான் காரணமா என்ற கேள்விக்கு: புகைப்பவர்களுக்குக் கணையப் புற்றுநோய் வரும் வாய்ப்பு புகைக்காதவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு. மேலே சொன்ன மிர்-25 வழி, புகை எப்படி உள்ளே வேலை செய்யக்கூடும் என்பதற்கு ஒரு விளக்கம் தருகிறது. ஆனால் தனி ஒருவருக்கு வந்த நோயைக் காட்டி, இது புகையால் வந்தது என்று எந்த மருத்துவராலும் தீர்த்துச் சொல்ல முடியாது. புகைக்காதவர்களுக்கும் இந்த நோய் வருகிறது. ஆகவே அதைச் சொல்லி அவரைக் கடிந்துகொள்ள வேண்டாம். இன்னும் புகைக்கிறார் என்றால் நிறுத்த உதவுங்கள், மூச்சும் பசியும் சற்றே சீராகும்.

பிள்ளைகளைப் பற்றிய உங்கள் கவலைக்கு இரண்டு பகுதியாகப் பதில் சொல்ல வேண்டும். கணையச் செல்களில் புகையால் ஏறிய ஆர்.என்.ஏ. குறிகள் பிள்ளைகளுக்குப் போவதில்லை. ஆர்.என்.ஏ. உருவாகிச் சில மணி நேரத்திலிருந்து சில நாளுக்குள் சிதைந்துவிடுவது; குறியும் அதனோடு போய்விடும். கட்டியில் உள்ள கே-ராஸ் மாற்றமும் அந்தக் கட்டியில் மட்டும் தோன்றியது. ஆனால் கணையப் புற்றுநோய் உள்ளவர்களில் நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு, பி.ஆர்.சி.ஏ.-1, பி.ஆர்.சி.ஏ.-2, பி.ஏ.எல்.பி.-2, ஏ.டி.எம். போன்ற மரபணுக்களில் பிறவியிலேயே மாற்றம் இருப்பது வழக்கம். நீங்கள் அனுப்பிய அறிக்கை கட்டித் திசுவில் மட்டும் செய்தது. பிறவி மாற்றத்தை உறுதியாகச் சொல்ல ரத்தத்திலோ உமிழ்நீரிலோ தனியே பரிசோதிக்க வேண்டும். குடும்பத்தில் யாருக்கும் புற்றுநோய் வந்ததில்லை என்றாலும், கணையப் புற்றுநோய் உள்ள எல்லோருக்கும் இதைச் செய்ய வேண்டும் என்பதே இன்றைய வழிகாட்டுதல். உங்கள் வீட்டில் இது இன்னும் செய்யப்படவில்லை. பிள்ளைகளுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை: பி.ஆர்.சி.ஏ. மாற்றம் இருப்பது தெரிந்தால், 5-ஃப்ளூரோயூராசிலோடு தம்பி இப்போது பெறும் பிளாட்டினம் வகை மருந்து நன்றாகப் பலனளிக்கும் வாய்ப்பு கூடுகிறது. கீமோவில் நோய் கட்டுப்பட்டபின் ஒலாபரிப் என்னும் மாத்திரையைத் தொடர்ந்து கொடுக்கவும் வழி பிறக்கிறது. அடுத்த முறை பம்ப்பைக் கழற்றப் போகும்போது, பிறவி மரபணுப் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்க வேண்டும் என்று கேளுங்கள். மரபணு ஆலோசகரையும் அன்றே பார்த்துவிட முடியுமா என்று விசாரியுங்கள். மாற்றம் இருப்பதாக அறிக்கை வந்தால், பிள்ளைகள் இருவரும், அவர்களோடு நீங்களும், அந்த ஒரு மாற்றத்துக்கு மட்டும் பரிசோதித்துக்கொண்டால் போதும்.